மாலை ஐந்து மணிக் கட்டம்

ஊரில் அவளைப் புள்ளிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை. குடத்தில் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று நீங்களும் நானும் சொல்லுவோம். அவள் "புள்ளி நாலு இருக்கு" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடிவந்தால், "நூறா, நூத்தியொண்ணு புள்ளி ரெண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். அவள் வீட்டுக்காரர் தையல்காரர், அங்குலத்தில் பிழைப்பு நடத்துகிற மனிதர். அவரே, "ஊருக்கெல்லாம் தைச்சிடுவேன், இவளுக்குத் தைக்கத்தான் கை நடுங்கும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆற்றை அளப்பது அவள் வேலை. பாலத்தின் மூன்றாவது தூணில், மீட்டர் கணக்கில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இரும்புப் பலகை ஒன்று அடித்திருக்கிறது. காலை ஆறு மணி, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இந்த மூன்று நேரமும் படிக்கட்டில் இறங்கி, தண்ணீர் பலகையில் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு மூன்று கட்டம். கடைசியில் 'காரணம்' என்று அகலமாக இன்னொரு கட்டமும் உண்டு. அதன் தலையில், 'அளவு எடுக்கத் தவறினால் மட்டும் நிரப்பவும்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து நகரத்திலிருக்கும் நீரளவு அலுவலகத்துக்கு அனுப்புவாள். ஒன்பது வருடமாக அனுப்புகிறாள். 'காரணம்' கட்டத்தில் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை.

வேலை கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியர் நாலு பேரைப் படிக்கட்டில் நிறுத்தி, "அளவு என்ன?" என்று கேட்டார். முதல் ஆள் "ஒண்ணரை" என்றான். இரண்டாவது ஆள் "ஒண்ணரைக்குக் கொஞ்சம் கம்மி" என்றான். மூன்றாவது ஆள் பலகையைப் பார்க்கவே இல்லை, இன்ஜினியர் முகத்தைப் பார்த்து, "நீங்க எவ்வளவு சொல்றீங்களோ அவ்வளவு சார்" என்றான். இவள் மட்டும் வாயைத் திறக்காமல் நின்றாள்.

"என்னம்மா, கண்ணு தெரியலையா?"

"இருங்க சார். அலை அடிக்குது, அடங்கட்டும்."

இரண்டு நிமிடம் கழித்து, "ஒண்ணு புள்ளி நாலு ஏழு" என்றாள். வேலை அவளுக்குத்தான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சம்பளம் பெரிதாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. லீவு என்ற பேச்சே கிடையாது, ஆறு லீவு போடுவதில்லையே.

அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் நடந்த அன்று எடுத்த குடும்பப் படத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், மணப்பெண்ணின் சொந்த அக்கா இல்லை. படம் எடுத்தபோது மணி பன்னிரண்டு. "என் கல்யாணத்தைவிட உனக்கு அந்தத் தூண் பெருசா போச்சு" என்று தங்கை பல வருடம் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள், பிரியமாகத்தான். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். இவள் ஆற்றையே அளந்துகொண்டிருந்தாள்.

தங்கையும் அவள் புருஷனும் ஆற்று நடுவில் வெள்ளாமை செய்தார்கள். பாலத்துக்குக் கீழே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ஆறு வளைகிற இடத்தில் ஒரு மணல்மேடு. மழை ஓய்ந்து தண்ணீர் வற்றியதும் முழங்காலளவு தண்ணீரில் நடந்தே மேட்டுக்குப் போய்விடலாம். வெள்ளரி, தர்பூசணி, பூசணி எல்லாம் அங்கே கொழித்து வரும். ஊரில் முப்பது பேருக்கு மேல் அந்த மணலை நம்பித்தான் இருந்தார்கள்.

போன வெயில் காலத்தில் மலையடிவார அணையில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். மின்சாரம் நமக்கு என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்கு விற்பனை. இரண்டு அரசுகளும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அந்த வருமானத்தில் நல்ல ரோடு போட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு மாடி கட்டினார்கள். இல்லையென்று சொன்னால் வாய் அழுகிப்போகும். ஆனால் ஊர்த் தலைக்கு மேலே கம்பி ரீங்காரம் போட்டுக்கொண்டு மலை ஏறிப் போகும்போது, கீழே தையல்காரரின் மெஷின் மோட்டார் சாயங்காலமானால் முனகி நின்றுவிடும். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைம்பாங்க. நமக்குத் தலைக்கு எட்டினது கைக்கு எட்டலை" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, காலால் மிதிக்கத் தொடங்குவார்.

அணையில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகு ஆற்றுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. பகல் முழுக்கச் சாதுவாகக் கிடக்கும். மாலை ஐந்தரை ஆனதும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாமல், இருபது நிமிடத்தில் மார்பளவு ஏறும். அணையில் மெஷினை ஓட்டத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், அது ஒன்றரை மணி நேரம் நடந்து ஊருக்கு வருகிறது. விடிவதற்குள் எல்லாம் வடிந்து பழையபடி கிடக்கும்.

முதல் நாள் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தங்கையும் புருஷனும் மேட்டில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் இறைக்கிற இன்ஜின் போயிற்று, காய்த்துக் கிடந்த வெள்ளாமை போயிற்று. ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவர்களை மீன்பிடிக்கிறவர் ஒருவர் படகில் வந்து எடுத்தார். தங்கையின் முழங்கையில் பாறை உரசிய தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

ஊர் கூடி மனுக் கொடுத்தது. தண்ணீர் திறக்கும்போது ஒரு சங்கு ஊதுங்கள், போதும் என்றார்கள். ரொம்பப் பெரிய ஆசை இல்லை. விசாரிக்க நீரளவு அலுவலகத்திலிருந்து பெரிய இன்ஜினியர் வந்தார், கையில் ஒரு கட்டுத் தாளோடு. பள்ளிக்கூட வராந்தாவில் எல்லாரையும் உட்காரவைத்துப் படித்தார்.

"காலையில புள்ளி நாலு ஒண்ணு. மத்தியானம் புள்ளி நாலு ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் புள்ளி நாலு ரெண்டு. மூணு மாசமா இதேதான். இதுல வெள்ளம் எங்க இருக்கு?"

கூட்டம் சத்தம் போட்டது. அவர் கையமர்த்திவிட்டு, பின்னால் தூணோரம் நின்றிருந்தவளைக் கூப்பிட்டார்.

"இது நீங்க எழுதினதுதானேம்மா?"

"ஆமா சார்."

"ஏதாவது தப்பா எழுதினீங்களா?"

"இல்ல சார். ஆனா அஞ்சரைக்கு..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. சரியா எழுதினீங்களா?"

"சரியாத்தான் எழுதினேன் சார்."

"அவ்வளவுதான்" என்று தாள்களைத் தட்டி அடுக்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஒரு ஆற்றையே மூன்று கட்டத்துக்கு நடுவில் மறைத்துவிட்டார்கள். மறைத்தது இவள் கையெழுத்து. அதில் ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

கூட்டம் கலையும்போது தங்கை அவள் எதிரில் வந்து நின்றாள். தழும்பு விழுந்த கையைத் தூக்கிக் காட்டினாள்.

"உன் நோட்டுல நான் நனையவே இல்ல, இல்லக்கா?"

அதோடு தங்கை பேச்சை நிறுத்தினாள். போன் செய்தால் எடுப்பதில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். இவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

நகரத்துக்குப் பஸ் பிடித்துப் போய் அலுவலகக் குமாஸ்தாவிடம் கேட்டும் பார்த்தாள்.

"சார், ஆறு மணிக்கும் ஒரு அளவு எடுத்து எழுதட்டுமா?"

"படிவத்துல மூணு கட்டம்தானேம்மா இருக்கு?"

"அந்தக் காரணம் கட்டத்துல எழுதட்டுமா?"

"அளவு எடுக்கத் தவறினீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அதுல எழுதக் கூடாது. படிச்சுப் பாருங்க, மேலேயே போட்டிருக்கு."

வேறு யாராவதாக இருந்தால் திட்டிவிட்டு வந்து படுத்திருப்பார்கள். இவளுக்குத் திட்ட வரவில்லை, கேள்விதான் வந்தது. ஆறு ஏன் ஐந்தரைக்கு வருகிறது? நாலுக்கு வந்தால் என்ன? ஏழுக்கு வந்தால் என்ன? யார் நேரம் குறிக்கிறார்கள்? அன்றிலிருந்து மாலை அளவை எழுதி முடித்ததும் வீட்டுக்குப் போகாமல் படிக்கட்டிலேயே உட்கார ஆரம்பித்தாள். எழுத நோட்டு வேண்டுமே. தையல்காரரின் அளவு நோட்டு ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. கழுத்து, மார்பு, இடுப்பு, கை நீளம் என்று கட்டம் போட்ட நோட்டு. தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தைக் கழுத்திலும், உச்சம் தொட்ட அளவை மார்பிலும், இறங்கத் தொடங்கும் நேரத்தை இடுப்பிலும் எழுதினாள்.

தையல்காரர் ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆத்துக்குச் சட்டை தைக்கப் போறியா? துணி எத்தனை மீட்டர் ஆகும்னு சொல்லு, வாங்கிடுவோம்" என்றார்.

"சும்மா இருங்க. இதைப் பாருங்க. ஆறு நாள் ஏறுது, ஏழாம் நாள் ஏறல. மறுபடி ஆறு நாள் ஏறுது, ஏழாம் நாள் ஏறல."

"அதுக்கும் ஓய்வு வேண்டாமா?"

"நமக்கு லீவு அன்னைக்கு வருதே? நாம வேலைக்குப் போற அன்னைக்கு இது சும்மா கிடக்குது."

தையல்காரருக்குச் சிரிப்பு நின்றது. அவரும் நோட்டை எட்டிப் பார்த்தார்.

விடை சொன்னது லாரிக்காரர். மலை தாண்டிச் சிமெண்டு ஏற்றிப் போகிறவர், வாரம் ஒருமுறை பாலத்தருகே டீக்கடையில் வண்டியை நிறுத்துவார். "அந்த நாட்டுல வார லீவு வேற கிழமைக்கா. அன்னைக்குக் கடை, ஆபீஸ், பேக்டரி எல்லாம் பூட்டியிருக்கும்" என்றார். அவ்வளவுதான், லாரிக்காரரைப் பிடித்துக்கொண்டாள். அங்கே எத்தனை மணிக்கு வேலை விடுவார்கள்? வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வார்கள்? அடுப்பு கேஸா, மின்சாரமா? போன மாதம், மேட்டில் யாரும் இல்லாத ஒருநாள், மத்தியானம் ரெண்டு மணிக்கே தண்ணீர் வந்ததே, அன்றைக்கு அங்கே என்ன?

"அன்னைக்கா? பந்தாட்டம்க்கா, பைனல். நாடே டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தது. ஆமா, எல்லாரும் அங்க சாமான் என்ன விலைன்னு கேப்பாங்க, நீங்க எத்தனை மணிக்கு அடுப்பு பத்த வைக்கிறாங்கன்னு கேக்கறீங்க?"

"எனக்கு விலை எதுக்குத் தம்பி? அவங்க எல்லாம் நல்லாயிருக்காங்களா?"

லாரிக்காரர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். அங்கே எல்லை ஊரில் நிலக்கரி எரிக்கிற பழைய மின்நிலையம் ஒன்று இருந்ததாம். முன்பெல்லாம் அந்த ஊரைக் கடந்தால் மூக்குத் துடைத்த துணி கறுப்பாகுமாம். நம் மின்சாரம் அங்கே போன பிறகு அதை மூடிவிட்டார்கள். இப்போது மாடியில் வெள்ளைத் துணி காய்கிறது, பிள்ளைகள் இருமுவதில்லை. நிலையத்தில் வேலை பார்த்த இருநூறு பேர் மட்டும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்; அதில் ஒருவர் இப்போது இவர் லாரியில் மூட்டை இறக்குகிறார்.

"நம்ம ஆத்தைப் பத்தி அவங்களுக்குத் தெரியுமா?"

"எந்த ஆறுன்னு கேப்பாங்கக்கா. சுவத்துல சுவிட்ச் இருக்கு, போட்டா எரியுது. அவ்வளவுதான் தெரியும்."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் அலுப்போடு வீட்டுக்கு வந்து அடுப்பை முடுக்குகிறாள், இங்கே தூணில் தண்ணீர் ஏறுகிறது. அவள் முகம் தெரியாது, அவள் வீட்டுக்கு வரும் நேரம் மட்டும் தனக்குத் தெரியும். அந்த நினைப்பு அவளுக்கு விசித்திரமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மனுதான் போயிற்று, வயிறு போகவில்லையே. ஐந்து மணிக்கெல்லாம் மேட்டைவிட்டு ஏறிவிடுவது என்று பழகிக்கொண்டார்கள். மறுபடி விதை போட்டார்கள். குளிர் தொடங்குகிற சமயம் ஒருநாள், ஐந்தரைக்குத் தண்ணீர் வரவில்லை. ஆறரைக்கு வந்தது. மறுநாளும் ஆறரை. அதற்குப் பிறகு ஐந்தரை என்பதே இல்லை. ஊருக்கு வாயெல்லாம் பல். மேட்டில் ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை செய்யலாமே! ஆறு மணிவரை இருந்து நிதானமாக ஏறி வந்தார்கள். ஏன் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

லாரிக்காரரிடம் அந்தக் கேள்வியைப் போட்டபோது அவர் டீயை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அவங்க கடிகாரத்தைத் திருப்பினாங்களே, அதுவா இருக்குமோ?"

"யாரு திருப்பினது?"

"எல்லாரும்தான். வருஷத்துக்கு ரெண்டு தடவை. குளிர் வந்தா ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, வெயில் வர்றதுக்கு முன்னாடி மறுபடி ஒரு மணி நேரம் முன்னாடி வைப்பாங்க. வெளிச்சத்தை வீணாக்கக் கூடாதாம்."

"நாடு பூராவுமா? ஒரே நாள்லயா?"

"பிரதமர்லேர்ந்து பிச்சைக்காரர் வரைக்கும்."

அவள் வாய் பிளந்து கேட்டாள். நேரம் என்பது வானத்திலிருந்து வருகிறது என்று இதுநாள்வரை நம்பியிருந்தவள். ஒப்பந்தத்தில் நேரத்தை, மின்சாரம் வாங்குகிறவன் கடிகாரப்படி எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. அவன் கடிகாரம் ஐந்து அடித்தால் இங்கே அணை திறக்கும். அவன் முள்ளைப் பின்னால் தள்ளியதும் ஆறு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. அப்படியானால் முன்னால் தள்ளும்போது?

"வெயிலுக்கு முன்னாடின்னா என்னைக்குத் தம்பி?"

"தேதி வருஷா வருஷம் மாறும்க்கா. தெரிஞ்சதும் போன் பண்றேன், போதுமா?"

மேட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னாள். "ஒருநாள் திடீர்னு அஞ்சரைக்கு வந்துடும், நாள் தெரிஞ்சதும் சொல்றேன்" என்றாள். "அவன் கடிகாரத்தைத் திருப்பினா நம்ம ஆறு திரும்புமா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தங்கை சிரிக்கவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. அணை அலுவலக வாசலுக்கும் நடந்தாள். தண்ணீர் திறக்கும் நேரம் இரண்டு அரசுகளுக்கு இடையிலான ரகசியம் என்று காவலாளி சொல்லிவிட்டார். தினமும் ஆற்றில் நின்று ஊரே பார்க்கிற ரகசியம்!

வெயில் வருவதற்குச் சற்று முந்தைய ஒரு மாலை, வழக்கம்போல நாலு ஐம்பதுக்குப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். அலை அடங்கப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து நிற்பது அவள் வழக்கம். போன் அடித்தது. லாரிக்காரர், அந்தப் பக்கத்திலிருந்து.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து லீவன்னைக்கே கடிகாரத்தை மாத்திட்டாங்களாம். எனக்கே மறந்துபோச்சு. காலையில ஒரு மணி நேரம் லேட்டுன்னு குடோன்ல செமத் திட்டு. இப்பத்தான் லோடு இறக்கி முடிச்சேன், உங்க ஞாபகம் வந்தது."

"இப்ப அங்க மணி என்ன?"

"அஞ்சு அம்பது."

தண்ணீர் கிளம்பி ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் நாற்பது நிமிடத்தில் இங்கே இருக்கும். அறுவடை நேரம், மேடு முழுக்க ஆள். தங்கைக்கு அடித்தாள், எடுக்கவில்லை, எட்டு மாதமாக எடுத்ததில்லை. மற்றவர்களின் போன்களெல்லாம் நனையாமலிருக்கக் கரை மரத்தில் பையோடு தொங்கும். வளைவுக்கு நடந்தால் இருபது நிமிடம், ஓடினால் பன்னிரண்டு. முப்பது பேர் தண்ணீரைத் தாண்டிக் கரையேற வேண்டும்.

கையில் பதிவேடு இருந்தது. பலகையில் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது, புள்ளி நாலு ஒன்று. மணி நாலு ஐம்பத்திரண்டு. இப்போதே எழுதிவிட்டு ஐந்து மணி என்று போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். அவளால் முடியவில்லை. எட்டு நிமிடம் நிற்கவும் முடியவில்லை. பதிவேட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, ஓடினாள்.

கரையில் வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. மேட்டில் பூசணிகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பளிச்சென்று இருந்தது. ஆறு கணுக்காலை நனைத்துக்கொண்டு சிரித்தபடி ஓடியது.

"ஏறுங்க! தண்ணி வருது! எல்லாத்தையும் போட்டுட்டு ஏறுங்க!"

ஒருவர் நிமிர்ந்து, "ஆறரைக்குத்தானே புள்ளிக்காரி? இன்னும் ஒண்ணேகால் மணி இருக்கு" என்று கத்தினார்.

"கடிகாரத்தை மாத்திட்டாங்க!"

அவ்வளவுதான், மறுபடி சிரிப்பு. ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டிக் காட்டினார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. செருப்பைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கி மேட்டுக்கே நடந்தாள்.

எல்லாரிலும் தள்ளி, கொடியோரம் குனிந்திருந்த தங்கை நிமிர்ந்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவரின் கைக்கடிகாரத்தை இழுத்துப் பார்த்தாள். மணி ஐந்து பத்து. எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"அஞ்சு மணிக்கு நீ பாலத்துல இல்லியா?"

"இல்லடி."

"எழுதலியா?"

"எழுதல."

தங்கை அரிவாளைக் கீழே போட்டாள். திரும்பி நின்று, மேடு முழுக்கக் கேட்கும்படி அலறினாள்.

"என் கல்யாணத்தன்னைக்கே தூணை விட்டு வராதவ இவ! அஞ்சு மணிக்கு இங்க வந்து நிக்கிறான்னா விளையாட்டா? ஏறுங்கய்யா எல்லாரும்!"

சிரிப்பு பட்டென்று நின்றது. கடிகாரம், ஒப்பந்தம், அந்தப் பக்கத்து நாடு எதுவும் யாருக்கும் புரியவில்லை. ஆனால் ஐந்து மணிக்குப் புள்ளிக்காரி பாலத்தில் இல்லை என்பது என்ன என்று எல்லாருக்கும் புரிந்தது. பூசணிகளைப் போட்டது போட்டபடி, வயதானவர்களைக் கைபிடித்து, இன்ஜினை மட்டும் நாலு பேர் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தாண்டினார்கள். கடைசியாக அக்காவும் தங்கையும் ஏறினார்கள். ஏறி எண்ணினார்கள், முப்பத்தொரு பேர். சிறிது நேரத்தில் வளைவுக்கு மேலிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. கலங்கிய தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வந்து, பூசணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மிதக்கவிட்டது. கைக்கடிகாரத்தை ஆட்டிக் காட்டியவர் அதைப் பார்த்தபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கை ஈரக் கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்குமேல் என்ன பேச்சு?

மறுநாள் காலை ஆறு மணி அளவை எழுதப் பதிவேட்டைத் திறந்தபோது, முந்தின நாள் வரியில் மூன்றாவது கட்டம் வெறுமையாக அவளைப் பார்த்தது. ஒன்பது வருடத்தில் முதல் ஓட்டை. வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்தாற்போல் 'காரணம்' கட்டம் இருந்தது. தலையிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்தாள். தவறினால் மட்டும் நிரப்பவும். தவறிவிட்டாளே! இனி எழுதலாம். எழுதத்தான் வேண்டும், அதுதான் விதி.

கையெழுத்தைச் சின்னதாக்கி எழுதினாள்: 'மாலை 5.00 அளவு எடுக்கவில்லை. காரணம்: அணைத் தண்ணீர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்ததால் மணல்மேட்டில் இருந்தவர்களை வெளியேற்றப் போனேன். ஆள் 31. ஆறு ஏறிய அளவு 1.22 மீட்டர், இது கரைப் பாறையில் இருந்த ஈரக்கோட்டைத் தையல் நாடாவால் அளந்தது.'

அன்று மாலை ஐந்து மணிக்குப் படிக்கட்டில் நின்றாள். அலை அடங்கியிருந்தது. புள்ளி நாலு ஒன்று, ஐயத்துக்கு இடமில்லை. பேனாவைத் திறந்தாள். நெடுநேரம் பலகையைப் பார்த்தாள். பேனாவை மூடினாள். ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. உச்சம் தொடும்வரை இருந்து, 'காரணம்' கட்டத்தில் நேரத்தையும் அளவையும் புள்ளி பிசகாமல் எழுதினாள். மறுநாளும் அதையே செய்தாள். அதற்கடுத்த நாளும்.

"ஒன்பது வருஷம் சேர்த்த பேரு போகுதேம்மா" என்றார் தையல்காரர்.

"போகட்டும். சரியா எழுதிப் பொய் சொன்னது போதும்."

தாள் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்து இரண்டாம் வாரம் போன் வந்தது. பெரிய இன்ஜினியரேதான்.

"என்னம்மா இது? மாசக் கடைசியில தினமும் சாயங்கால அளவு எடுக்கத் தவறியிருக்கீங்க? ஒன்பது வருஷத்துல ஒருநாள் தவறாதவங்க நீங்க."

"ஆமா சார். தவறிட்டேன். காரணம் எழுதியிருக்கேனே, படிச்சீங்களா?"

அந்தப் பக்கம் தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது.

"படிச்சேன்" என்றார் கடைசியில். குரல் பள்ளிக்கூட வராந்தாவில் கேட்ட குரலாக இல்லை. "இதை மேலே அனுப்பாம இருக்க முடியாது. பதிவேட்டுல ஏறிடுச்சு." பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "நாளைக்கும் தவறுவீங்களாம்மா?"

அவள் அளவு நோட்டைப் புரட்டிக் கிழமையைப் பார்த்தாள்.

"நாளைக்கு அவங்களுக்கு லீவு சார். நாளைக்கு எடுத்துடுவேன்."